கொண்டைக்காரி

கம்மனஹள்ளியில் பகலெல்லாம்
பிறர் தலையில் கொண்டை போடுகிறேன்.
மணப்பெண்ணுக்கு ஆயிரத்து எண்ணூறு,
கூட வரும் தங்கைக்கு அறுநூறு.
இரவு ஒன்பதுக்கு மேல்
லிங்கராஜபுரம் மூன்றாவது மாடியில்
தண்ணீர்த்தொட்டிக்கு அடியில்
கூலி தராத ஏழு தலைகள் காத்திருக்கும்.

வீட்டுக்காரர் முதல் நாள் குனிந்து பார்த்தார்:
"ஏன்ரீ இது, நாயினா கோளினா?"
கோழிதான் சார், சில்க்கி.
இறகில் கொக்கி கிடையாது.
ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல்
பஞ்சாய்ப் பிரிந்து நிற்கும், பறக்க உதவாது.
மழை வந்தால் ஒதுங்கத் தெரியாது,
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று நனையும்.
மே மாதம் நான்கு மணிக்கு மேகம் இறங்கினால்
பாதி நேராக்கிய கூந்தலோடு
கஸ்டமரை நாற்காலியில் விட்டு
ஓடி வந்திருக்கிறேன்.
முதலாளியம்மா சம்பளத்தில் பிடித்தாள்.

கீழ்வீட்டு மர்ஸலின் அக்காவுக்கு மூட்டுவலி.
வெள்ளை இறகை விலக்கி
மையாய்க் கறுத்த தோலைப் பார்த்த நாளிலிருந்து
"மருந்துக்கு ஒண்ணு குடேன்" என்கிறாள்.
தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

டானரி ரோடு நஸீருல்லா விற்ற ஜோடியில்
பிறந்தவள் சோன்பப்டி.
இருபத்தாறு முட்டையில் பொரிந்தது பதினொன்று.
கழுத்து முறுக்கி விழுந்தவை மூன்று.
நான்கே விரலோடு வந்தவை நான்கு,
கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தேன்.
மூன்று சேவலாகி விடியுமுன் கூவியதில்
தெருவே சண்டைக்கு வந்தது.
ஐந்து விரலும் தனித்தனியாய்,
காதுமடல் மயில்நீலமாய்,
தலையில் பந்து வைத்த கொண்டையுமாய்
மிஞ்சியவள் இவள் ஒருத்தி.

போட்டிக்குக் கொண்டையை வெட்டக் கூடாது.
மூன்று மாதம் கத்தரி படவில்லை,
கண்ணை மூடி வளர்ந்தது.
தண்ணீர்க் கிண்ணத்தை இடறினாள்,
தீனி என்று சுவரைக் கொத்தினாள்.
குட்டி ரப்பர் பேண்டால் தூக்கிக் கட்டினேன்.
இறகு ஒடியும் என்று நஸீருல்லா திட்ட
அதையும் அவிழ்த்தேன்.
கூப்பிட்டால் திரும்புவாள்,
கொஞ்சம் தள்ளி,
நான் இல்லாத பக்கம்.

சனிக்கிழமை இரவு குளியல்.
பேபி ஷாம்பு, மூன்று வாளி வெந்நீர்,
கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர்.
நனைந்ததும் கையளவு கறுப்பாகிப் போனாள்.
டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்தேன்,
இருபது நிமிடத்தில் வெள்ளை திரும்பியது.
அந்தச் சூட்டிலேயே உறங்கிவிட்டாள்.
என் நாற்காலியில் இப்படி உறங்குகிறவர்களைத் தெரியும்,
வீட்டில் தூக்கம் இல்லாதவர்கள்.

எலஹங்காவில் ஒரு கல்யாண மண்டபம்.
நடுவர் புரட்டிப் பார்த்தார், விரல் எண்ணினார்,
கொண்டையைக் கோதி "ஆஹா" என்றார்.
மூன்றாம் பரிசு, பச்சை ரிப்பன்.
ஒயிட்ஃபீல்டுக்காரர் ஒருவர்
ஒன்பதாயிரம் பேசி
இரண்டாயிரம் முன்பணம் திணித்தார்.
புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்வாராம்.
"கொண்டை கலையாம பார்த்துக்கோங்க."

ஹெப்பாள் மேம்பாலத்தில் ஆட்டோ நின்றது.
முன்னால் அரைக் கிலோமீட்டர் சிவப்பு.
கூடை மூடியைத் திறந்தேன்.
கைப்பையில் கத்தரி எப்போதும் இருக்கும்.
மணப்பெண் முன்முடிக்கு வெட்டும் அதே சாய்வில்
இடப்பக்கம் இரண்டு வெட்டு, வலப்பக்கம் மூன்று.
பஞ்சு பறந்து டிரைவர் தும்மினார்.

கறுப்பாய்க் கண் இரண்டு.
முதலில் ரிப்பனைப் பார்த்தாள்.
பக்கத்து லாரியில் ஆடிய எலுமிச்சம்பழத்தை
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகுதான் என்னை.
இத்தனை நாள் கூப்பிட்டது
இந்த முகம்தானா என்பதுபோல்
தலையைச் சாய்த்து,
மூக்குத்தியில் ஒரே கொத்து.
ரத்தம் வந்தது.

புதன்கிழமை அவர் வரட்டும்.
ஆட்டோவுக்கு முந்நூற்று நாற்பது போயிற்று.
அதைச் சம்பளத்தில் ஈடுகட்டி
இரண்டாயிரத்தையும்
அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.