ராத்திரி முழுக்க

இழுத்தால் வருகிறது, எதிர்ப்பே இல்லாமல்.
பிடிக்காதவர் நீட்டிய கை மாதிரி
ஒரு கிளட்ச்.

ஜே.சி. ரோட்டில் ஏழு கடை.
"எண்பத்தாறு மாடலா?" சிரித்தார்கள்.
எட்டாவதில் சீல் கிடைத்தது,
வேறேதோ வண்டியுடையது.

மாஸ்டர் சிலிண்டர் கிண்ணத்தின் அடியில்
மயிரிழை ஓட்டை, அடைத்திருந்தது.
மாடிவீட்டு டெரன்ஸிடம்
அறுந்த கிதார் தந்தி வாங்கிக் குத்தினேன்.
பழைய ஆயில், டிகாக்‌ஷன் நிறம்.

குமிழி. குமிழி. இன்னும் குமிழி.
லிங்கராஜபுரத்தில் கடைசி ரயிலும் கடந்தாயிற்று.
லீவரை இழுத்து
சுகிர்தாவின் ஹேர்பேண்டால் கட்டினேன்.
காற்று தானாக ஏறி வரட்டும்.

ஐந்தரைக்கு அவள் ஷிப்ட் பஸ்.
தலைவிரித்தபடி தேடி வந்தவள்
பேண்டை உருவினாள். லீவர்
விரலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தது.
இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள்.
"இப்போ முறைக்குது" என்றாள்
கொண்டையை இறுக்கிக்கொண்டே.

பேண்டில் பிரேக் ஆயில்.
அதைச் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.