ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி.
சமையல் மேசையில் பழைய துவாய் விரித்து
கிட்டாரை மல்லாத்திக் கிடத்தியிருக்கிறேன்.
பதினொரு திருகாணிகள் தேநீர்ச் சோசரில்.
வெள்ளைத் தகட்டைத் தூக்கினால்
தபால்பெட்டிக்குள் இருக்கிற மாதிரி இருட்டு,
முன்பு வைத்திருந்தவர் தின்ற சிப்ஸின் துகள் ஒன்று,
மூன்று பிக்கப்.

ஒவ்வொன்றிலும் ஆறு காந்தக் குச்சி.
சுற்றிலும் தலைமயிரை விட மெல்லிய செம்புக் கம்பி
ஏழாயிரத்துச் சொச்சம் சுற்று.
அவ்வளவுதான்.
இன்னும் சிக்கலாய் ஏதோ இருக்குமென்று நினைத்திருந்தேன்.

லவாலில் ஒரு பிறந்தநாள் மண்டபம்.
கேக் வெட்டுமுன் எல்லோரும் வாய்மூடிய அரை நிமிஷம்
என் அம்ப் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தது.
"இரையுது தாரணி. உதை மாத்து.
ஹம்பக்கர் போடு," என்றான் யூட்.
அவன் டிரம்ஸ் அடிப்பவன்.
வயர் இல்லாதவனுக்கு எல்லாம் லேசு.

ஆறு கிழமையாய்த் தேடுகிறேன்.
விற்பவர்கள் ஒலியைச் சாப்பாடாகவே எழுதுகிறார்கள்:
வெண்ணெய், தேன், கருகிய சீனி.
ஒருவர் மட்டும் "ஈரமான மரம்" என்கிறார்.
அல்னிகோ இரண்டு சாதுவாம்,
ஐந்து கொஞ்சம் வாய்க்காரியாம்,
செராமிக் கதவை உதைத்துக்கொண்டுதான் வருமாம்.
இரவு இரண்டு மணிக்கு ஹெட்போன் மாட்டி
ஒரே மெட்டைப் பதினேழு பிக்கப்பில் கேட்டேன்.
ஒன்பதாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் வித்தியாசம்
வாசித்தவர் இடையில் நகம் வெட்டியது.

எனக்கு வேலை
பள்ளிக்கூட பஸ்களுக்கு வழி சொல்வது.
காலை ஆறிலிருந்து காதுக்குள் முப்பத்திரண்டு டிரைவர்கள்.
"பனி. பதினைந்து நிமிஷம் பிந்தும்."
அந்தக் கரகரப்புக்குள்
யாருக்குச் சளி, யார் வீட்டில் சண்டைபிடித்து வந்தது,
எல்லாம் கேட்கும்.

சனிக்கிழமை கயெத்தானின் கடை,
ஜோன் தலோன் சந்தைக்குப் பின்னால், பத்துப் படி கீழே.
மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.
பாதி விளங்கியது:
நடுவில் இருப்பதை எதிர்ப்பக்கமாய்ச் சுற்றியிருக்கிறார்கள்,
பக்கத்ததோடு சேர்த்துப் போட்டால்
ஒன்றின் இரைச்சலை மற்றது விழுங்கிவிடும்.
சுவிட்சை ஒரு படி தள்ளினார்.
நிசப்தம்.
மூன்று வருஷம் வைத்திருக்கிறேன்,
அந்தப் படியில் ஒருநாளும் நின்றதில்லை.

பிறகு சுவிட்சைப் பழைய இடத்துக்கே இழுத்து
என்னை ஸ்டூலோடு திருப்பினார்.
இரைச்சல் ஏறியது, தணிந்தது, மறுபடி ஏறியது.
சாவிகள் தொங்கும் சுவரைப் பார்த்தபோது
ஒன்றுமே இல்லை.

இந்த நாட்டுக் கரண்டுக்கு அறுபது சுழற்சி.
ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவில்,
எந்தப் பாட்டோடும் உட்காராது.
வவுனியாவில் ஐம்பது.
அது கிட்டத்தட்ட ஐந்து கட்டை,
கரண்ட் இருந்த நாட்களில்.

கடைசியில் ஒன்றுதான் வாங்கினேன்.
பிரிட்ஜுக்கு, ஒற்றை அகலத்தில் ஒரு ஹம்பக்கர்,
நூற்றுப் பன்னிரண்டு டொலர், வரி தனி.
அது யூட்டுக்காக, மண்டபங்களுக்காக.
கழுத்துப்பக்கத்தைத் தொடவில்லை.
கயெத்தான் ஏன் என்று கேட்டார்.
பிரெஞ்சில் அதற்கு என்னிடம் வசனம் இல்லை.
தமிழிலும் தேடிப் பார்த்தேன்.

முதல் ஈயப் பொட்டு சாம்பலாய் உறைந்தது.
உருக்கி மறுபடி வைத்தேன். மினுங்கியது.

இப்போது ஜன்னலைப் பார்த்து நின்றால் மெல்லிய ரீங்காரம்.
அடுப்புப் பக்கம் மோசம்.
அடுத்த வீட்டுச் சுவரை நோக்கினால் சுத்தம்.
நான் இன்னும் ஒன்றும் வாசிக்கவில்லை.
பிரிஜ் ஓடத் தொடங்கியது,
கழுத்துப்பக்கத்துக்கு உடனே தெரிந்துவிட்டது.

சோசரில்
ஒரு திருகாணி மிச்சம்.