எண்பத்தொரு மைக்ரான்

இரவு சேறு பெய்தது.
கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாலைவனம் காற்றேறி வந்து
அல்மெரியா முழுக்க இறங்கியிருந்தது.
பசுமைக்குடில்களின் வெள்ளை பிளாஸ்டிக் மேல் செம்மண்.
கொட்டகையில் இடமில்லை என்று
வெளியே விட்டது என் பிழை:
காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தால்
கறுப்பு அமரர் ஊர்தி
காவி கட்டி நிற்கிறது.

பதினொரு மணிக்கு அடக்கம்.
இந்த நேரத்தில் துணியைத் தேடுகிறவன் கெட்டான்.
தூசி என்பது பொடித்த கல்;
காய்ந்த துணியால் துடைத்தால்
உப்புத்தாள் போட்ட கணக்கு.
முதலில் தண்ணீர், தொடாமல்.
பிறகும் தண்ணீர்.
பிறகு நுரை, தானே வழிந்து இறங்கும்வரை.
இரண்டு வாளி: கையுறை தன் அழுக்கை
வெறும் நீரில் கக்கிவிட்டுத்தான்
சோப்பு நீரில் முங்க வேண்டும்.
சக்கரங்களுக்கு வேறு துணி, வேறு வாளி, வேறு மனசு.
தரையில் விழுந்த துணியை ஜன்னலுக்கு அனுப்பிவிட வேண்டும்,
திரும்பக் கூப்பிடக் கூடாது.

கஸில்தாவுக்கு இதெல்லாம் சிரிப்பு.
"உள்ளே படுத்திருக்கிறவர் எட்டியா பார்க்கப் போகிறார்?"
மலர்வளைய நாடாவில் பெயர் எழுதிக்கொண்டே கேட்பாள்.
பார்க்க மாட்டார்.
கூட நடந்து வருகிறவர்களுக்கு
அரை மணி நேரம்
பார்க்க வேறென்ன இருக்கிறது?

வெள்ளை வண்டிக்காரன் ஒரு மாதம் தூங்கலாம்.
கறுப்பு தூங்கவிடாது.
கடற்காகத்தின் எச்சம்
மதிய வெயிலுக்குள் அதன் தோலைத் தின்றுவிடும்;
ஈரத்துணி போர்த்தி, பொறுத்திருந்து,
ஆறாத புண்ணில் பற்று எடுக்கிற மாதிரி
எடுக்க வேண்டும்.

அன்றைக்கு லெயாந்த்ரோ.
குடில்களின் கூரையில் ஏறிக் கோடைச் சுண்ணாம்பு அடிப்பவர்.
விரல் இடுக்கில் இன்னும் வெள்ளை இருந்தது என்றார்கள்.
பெட்டி உள்ளே போய்
நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தபோது
ஃபுயென்சாந்தா, அவர் மனைவி,
வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார்.
தள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.
வண்டி நகர்ந்தது. கை அங்கேயே நின்றது.
மோதிரம் எழுதிக்கொண்டே போயிற்று
ஒரு சாண்.

சாயங்காலம் முதலாளி எவுதிமியோ
விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.
"தேய்த்து எடுத்துவிடு. நாளைக்கு நிஹார்."

தேய்த்து எடுப்பது என்று சொல்கிறோம்.
கீறலை எடுக்க யாராலும் ஆகாது,
எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.
சுற்றியுள்ள பளபளப்பையெல்லாம்
அதன் ஆழத்துக்கு இறக்குகிறோம்.
எல்லாம் அந்த மட்டத்துக்கு வந்தபின்
கீறலைக் காணோம் என்கிறோம்.

கனம் பார்க்கும் கருவியை வைத்தேன்.
கூரை: நூற்றிருபத்து நான்கு.
முன்மூடி: நூற்றுப் பதினெட்டு.
இடப்புறம், பின் ஜன்னலுக்குக் கீழே: எண்பத்தொன்று.
பேட்டரியை மாற்றி மறுபடி வைத்தேன்.
எண்பத்தொன்று.

பதினோரு வருஷமாக
எல்லாரும் அங்கேதான் கை வைக்கிறார்கள்.
யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.
வளையல், கடிகாரம், ஒருமுறை ஊன்றுகோலின் பூண்,
ஒரு பையனின் பள்ளிக்கூடச் சாவி.
ஒவ்வொருவரையும் நான்
மறுநாள் விடிவதற்குள் தேய்த்து எடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு தடவை தாங்கும்.
அப்புறம் வார்னிஷ் கிடையாது, வெறும் நிறம்.
நிறத்துக்குக் கீழே தகடு,
தகட்டுக்குக் கடற்காற்றோடு பழைய கணக்கு.

தேய்த்தேன்.
வண்டி முழுக்க மெழுகு பூசினேன், அந்த இடம் தவிர;
மெழுகின் மேல் படலம் ஒட்டாது.
ஒளி ஊடுருவும் அந்தப் படலத்தில்
கை அகலம் ஒரு துண்டு வெட்டினேன்.
போதாது என்று தோன்றியது.
இரண்டு கை அகலம்.
விலையை எவுதிமியோவிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

சோப்பு நீர் தெளித்து ஒட்டி
குமிழிகளைக் கட்டைவிரலால்
ஓரத்துக்கு, ஓரத்துக்குத் தள்ளினேன்.
ஒன்று மட்டும் போக மறுத்தது.
மணி பத்தாகிவிட்டது.
வாளிகளைக் கவிழ்த்து வைத்தேன்.