இரண்டாம் பாதி

காசிமேட்டுக்குக் கதை கேட்கப் போனேன்,
உதவி இயக்குநர், கையில் நோட்டு.

அஞ்சலாட்சி ஆரம்பித்தாள்:
விடிகாலை மூணு மணி. ஐஸ் பொட்டி, டீசல் கேன்.
"பீடிக்கட்ட மறந்துட்டு பூட்டான் சார்."
எடுத்துக்கொண்டு ஓடினாளாம்.
லாஞ்சு நகர்ந்துவிட்டது.

"அப்புறம்?"

செதில் ஒட்டிய கையைத் துடைத்தபடி
கல்யாணத்துக்குப் போய்விட்டாள்:
பந்தலில் மழை, ரசமெல்லாம் தண்ணீர்,
தேசிங்கு சிரித்த சிரிப்பு.
பிறகு மறுபடி மூணு மணி. இந்த முறை
இஞ்சின் சீக்கிரம் பிடிக்கவில்லை.
இந்த முறை
அவள் செருப்பில்லாமல் ஓடுகிறாள்.

"அப்புறம்?"

சுவரில் அவன் போட்டோ.
மாலை இல்லை.

பிளாஷ்பேக் அதிகம், என்று எழுதிக்கொண்டேன்,
இரண்டாம் பாதியே இல்லை.

பஸ் மணிக்கூண்டைத் தாண்டும்போது
அந்த வரியை அடித்தேன்.
இந்நேரம் அவள்
படியிறங்கிக்கொண்டிருப்பாள்,
பீடிக்கட்டோடு.