அனாமத்து

ஃபேன் போட்டால் வவுச்சர் பறக்கிறது,
நிறுத்தினால் வேர்வையில் மை கலைகிறது.
சேலத்து ஏப்ரல். ஆடிட்டர் மாடி.

மணிமுத்தாறு நாடகக் குழு,
பதிவு பெற்றது, லாப நோக்கமற்றது.
அதை நிரூபிக்க நாங்கள் பெரிதாகப் பாடுபட்டதில்லை.

சந்தா, பதினேழு பேர்.
பாக்கி வைத்தவர்களில் தலைவரும் ஒருவர்.
லீ பஜார் மஞ்சள் மண்டி நன்கொடை ஐயாயிரம்;
பேனரில் நாடகத்தின் பெயரைவிட மண்டி பெரிது.
டிக்கெட் தொண்ணூற்று மூன்று,
அதில் மழை பெய்த ராத்திரிக்குப் பதினொன்று.

மண்டப வாடகை. தனியாக ஜெனரேட்டர் டீசல்.
அட்டைக் கிரீடம் ஒன்று.
ஒத்திகைக்குத் தட்டுவடை செட், இருபத்தாறு மாலை.
ரசீது கேட்டதற்கு வண்டிக்கடைக்காரர் சிரித்தார்,
வெள்ளைத்தாளில் நான் எழுதியதற்கு
சட்னிக் கையோடு கையெழுத்துப் போட்டார்.

கூட்டிக் கழித்தால்
பாஸ்புக்கில் ஆயிரத்து ஐந்நூறு அதிகம்.

குறைந்தால் பழக்கம்தான்.
என் பையிலிருந்து போட்டுவிட்டுத்
தூங்கப் போயிருக்கிறேன்.
அதிகம் வந்தால் தூக்கம் வரவில்லை.

ஒன்றரை மணிக்குப் பிடிபட்டது:
நவம்பர் செக், சித்தேஸ்வரன்,
ராஜா வேஷத்துக்கான சம்பளம்.
பேங்கில் போடவே இல்லை.

"மூணு மாசம் தாண்டிருச்சு, செக் செத்துப்போச்சு.
வரவுல எழுதிக்குங்க," என்றார் ஆடிட்டர் தணிகைவேல்.
"இந்த வருஷம் உங்களுக்கு உபரி!"
பன்னிரண்டு வருஷத்தில் முதல் உபரி.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில்
ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
பனியனுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்,
நாலாக மடித்த அந்தச் செக்கை.

"மினிமம் பேலன்ஸ் இல்லேன்னு
புடிச்சுப் புடிச்சு கணக்கு மைனஸ்ல நிக்குதுங்க.
இதைப் போட்டா அதுவே தின்னுபுடும்.
அதான், செக்காவே இருக்கட்டும்னு."

முதல் காட்சியில், கஜானா வழிகிறது மந்திரி,
என்று சொன்ன குரல்.
மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும்.

பணமாகவே எண்ணிக் கொடுத்தேன்.
ரெவின்யூ ஸ்டாம்ப்பை எச்சில் தொட்டு ஒட்டினார்,
கையெழுத்து ஸ்டாம்ப்பைத் தாண்டிப் போனது.
உபரி இல்லை. ஆடிட்டருக்கு வருத்தம்.

வவுச்சர் மடிப்பில் மினுக்மினுக்கென்று
வெள்ளித் தூள்.
சாயங்காலம் பட்டறைத் தரையைப் பெருக்கி
அதையும் எடை போடுவார்களாம்.
கொடுத்தது யார், எந்தத் தலைப்பு, தெரியவில்லை.
தணிகைவேல் ஊதித் தள்ளுவதற்குள்
பென்சிலால் எழுதி வைத்தேன்:
அனாமத்து, ஒரு சிட்டிகை.