இல்

யீஷூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளச் சுவர்.
பதினொரு மீட்டர் நீளம்,
ஏணியில்லாமல் எட்டாத உயரம்.
நகர மன்றத்தின் கடிதம் தெளிவாக இருந்தது:
சிரிக்கும் முகங்கள், பழங்கள், பறவைகள் சரி.
எழுத்து வேண்டாம்.
ஒரு மொழியில் எழுதினால் நான்கிலும் எழுத வேண்டும்,
அவ்வளவு சுவர் இல்லை.

எனக்கு வருத்தமில்லை.
இருபது வருடமாக வண்ணம் குழைப்பவள்.
சொல்லை நம்பாமல்தான் தூரிகைக்கு வந்தேன்.
பள்ளியில் கட்டுரைக்குக் கிடைத்த மதிப்பெண்ணும்
ஒரு காரணம்.

நான்காம் நாள்
மார்க்கெட்டிலிருந்து திரும்பிய திருமதி க்வெக்
தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுக் கல்மேசையைக் காட்டினார்.
கணவர் தினமும் அங்கேதான் சதுரங்கம் ஆடுவாராம்.
தோற்ற அன்று காப்பி குடிக்க மாட்டாராம்.
"அவரை வரையவா?"
"வேண்டாம்.
அவர் இல்லை என்பதை வரைய முடியுமா?"

வரைந்தேன்.
மேசை, நான்கு கல் முக்காலிகள்,
ஒன்றின்மேல் மட்டும் வெயில்.
பார்த்தவர்கள் சொன்னார்கள்: அட, நம்ம மேசை.
வெயிலில் ஒரு தொப்பியை வைத்தேன்.
யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க, என்றது ஒரு பிள்ளை.
முக்காலியையே அழித்தேன்.
மூன்று முக்காலி ஆயிற்று,
அவ்வளவுதான்.

வண்ணத்துக்கு 'இல்லை' வராது.
பூசியதெல்லாம் இருந்துவிடுகிறது.
வெள்ளைகூட ஒரு பூச்சு.

இந்த ஊரில் படங்களுக்குத் தெரிந்த மறுப்பு ஒன்றே ஒன்று:
சிவப்பு வட்டம், குறுக்கே கோடு.
டுரியான், சிகரெட், சைக்கிள்.
அது 'கூடாது'.
'இல்லை' வேறு.

இரவு ரயிலில் பெட்டி முழுக்கப் படம் பார்த்துக்கொண்டிருந்தது.
விரல் தள்ளத் தள்ள
சோறு, கடல், கல்யாணம்,
குண்டு விழுந்த தெரு,
மறுபடி சோறு.
எல்லாமே 'இதோ, இதோ'.
'ஆனால்' என்று ஒரு படமும் சொல்லவில்லை.
'ஒருவேளை' என்றும்,
'நேற்றுவரை' என்றும்.

கதவோரம் ஒருவர், பாதுகாப்புக் காலணி, சிமெண்டு படிந்த விரல்கள்.
மடக்கிப் பிடித்த புத்தகத்தின் ஒரே பக்கத்தை
காத்திப்பிலிருந்து பீஷான் வரை
திருப்பாமலே வைத்திருந்தார்.
என்ன புத்தகம், தெரியவில்லை.
அந்தப் பக்கத்தில்
யாரோ இல்லை போலிருந்தது.

இல் என்றால் வீடு.
அதே இல், இன்மை.
இரண்டையும் இரண்டே எழுத்தில் வைத்தவர்
யாராக இருந்தாலும்
ஓவியராக இருந்திருக்க மாட்டார்.

கடைசி நாள், அழித்த முக்காலியின் இடத்தில்,
தரையின் சாம்பலில் ஒரு சொட்டுக் கறுப்பு கூட்டி
கட்டைவிரல் அகலத்துக்கு எழுதினேன்.

நகர மன்றத்து ரிட்ஸ்வான் குனிந்து பார்த்தார்.
"இது என்ன?"
"வீடு" என்றேன்.
பொய்யில்லை.
கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

திருமதி க்வெக்கும் குனிந்தார். அதே கேள்வி.
அவரிடம் மற்றதைச் சொன்னேன்.

தள்ளுவண்டியை எடுக்காமல்
வெகுநேரம் நின்றிருந்தார்.
கங்கோங் கீரை வாடத் தொடங்கியிருந்தது.