நூற்று நாற்பத்தேழாம் கிலோமீட்டர்

தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழை.
நான் அதைக் காது என்றுதான் சொல்வேன்.
விற்றவர்கள் வேறு பெயர் சொல்கிறார்கள்,
ஒப்பந்தத்தில் அந்தப் பெயர் பதினோரு பக்கம் வரும்.

எண்ணெய்க் குழாயை ஒட்டிப் படுத்தபடி
ஜார்ஜியாவின் த்சால்கா மேட்டுநிலம் முழுக்கப் போகிறது.
நொடிக்கு ஆயிரம் முறை ஒளியை அனுப்புகிறோம்.
போனதில் ஒரு துளி திரும்பி வருகிறது,
வழியில் யார் மிதித்தார்கள் என்று
கோள் சொல்லிக்கொண்டே.

இரவுப் பணி என்னுடையது.
திரையில் நேரம் அருவிபோல் இறங்கும்.
மாடு என்றால் சோம்பலாய் நாலு புள்ளி.
டிராக்டர் தடித்த கோடு; வளைந்து வளைந்து போனால்
ஓட்டுகிறவன் குடித்திருக்கிறான்.
மழைக்குத் திரை முழுக்க அரிசி கொட்டும்.
திருடன் என்றால் ஒரே இடத்தில் மண்வெட்டி:
நாலு வெட்டு, கொஞ்சம் மூச்சு,
நாலு வெட்டு.

ஜனவரியில் ஒரு நாள், விடிய இன்னும் வெகுநேரம் இருக்க,
நூற்று நாற்பத்தேழில்
அந்த நாலு வெட்டு.

விதிப்படி பொத்தானை அழுத்தினேன்.
விதிப்படி ஜும்பெர் குதிரைக்குச் சேணம் பூட்டினான்.
பனியில் ஜீப் ஏறாத இடத்துக்கு
நிறுவனம் இன்னும் குதிரைதான் வைத்திருக்கிறது,
விளம்பரப் படத்தில் அதைக் காட்டுவதில்லை.

அவன் போய்ச்சேர நாற்பது நிமிடம்.
அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
கேட்டேன் என்பது தப்பு, பார்த்தேன்.
வெட்டு நிற்கும். முழங்கால் ஊன்றியதுபோல் ஒரு புள்ளி.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
மறுபடி வெட்டு.
திருடர்கள் இத்தனை நேரம் சும்மா இருக்கமாட்டார்கள்.
வண்டி வரவில்லை, துளைபோடும் கருவி வரவில்லை.
வந்த தடம் ஒன்றே ஒன்று,
பக்கத்தில் எதையோ இழுத்துவந்த கீறல்.

ரேடியோவில் ஜும்பெர்:
"ஹராலம்பி. நாயைப் புதைக்கிறார்."

எந்த ஹராலம்பி என்று கேட்க வேண்டியதில்லை.
அந்த ஊர்க் கிரேக்கர்கள் தெசலோனிகிக்குக் கப்பலேறி
இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.
மிச்சம் அவர், முப்பது ஆடு, அந்த நாய்.

"அங்கே ஏன் புதைக்க வேண்டும்?"
"மற்ற இடமெல்லாம் இரும்பாய் இறுகிக் கிடக்கிறதாம்.
எண்ணெய்ச் சூட்டில் இந்தக் கோடு மட்டும் இளக்கம்.
சின்ன நாய் இல்லை, மக்வாலா, கன்றுக்குட்டி அளவு."

என் முன்னே படிவம்.
கைமுறைத் தோண்டல், கால்நடை, வாகனம், பொய் எச்சரிக்கை.
பொய் எங்கே? கண்ணாடி கேட்டதெல்லாம் நிஜம்.

"எவ்வளவு ஆழம்?"
"முழங்கால்."
"குழாய்க்கு இன்னும் இடுப்பளவு இருக்கிறது. மூடச் சொல்."
"நாயோடா?"
"நாயோடுதான்."

அதற்குப் பிறகு திரையில்
இரண்டு மண்வெட்டி.

மார்ச்சில் பெர்கனிலிருந்து ஸ்வெர்ரே வந்தார்,
பளபளக்கும் படங்களோடு.
பாலம், அணை, காற்றாலை, எல்லை வேலி,
இதயத்துக்குள் நுழையும் ஊசிக்குழாய்,
எல்லாவற்றுக்கும் இனி இந்த இழைதானாம்.
சந்தைக் கோடு வருடாவருடம் ஏறி
கடைசிப் படத்தில் அம்பு சுவருக்கே போய்விட்டது.
காபி குடித்தபடி அந்த இரவின் பதிவைக் கேட்டார்.
இவ்வளவு சுத்தமான மண்வெட்டி
எங்கள் தொகுப்பில் இல்லை, என்றார்.
கொடுத்தேன். கொடுக்காமலிருக்க
ஒப்பந்தத்தில் இடமில்லை.

இப்போது ஓமனில், ஆல்பெர்ட்டாவில்
யாராவது மண்ணைத் தொட்டால்
இயந்திரம் ஹராலம்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது:
நாலு வெட்டு, அந்த மூச்சு.
மூச்சு எதற்கென்று அதற்குத் தெரியாது;
விலையில் அது சேரவில்லை.

பனி கரைந்துவிட்டது.
சாயங்காலம் முப்பது ஆட்டின் தூறல்
நூற்று நாற்பத்தேழைக் கடக்கும்.
கடைசியில் இரண்டு கால், ஒரு கோல்.
அங்கே வந்ததும் நிற்கும்,
இரண்டு நிமிடம், சில நாள் மூன்று.

திரை மஞ்சளாகி என்னைக் கேட்கிறது:
யாரோ நிற்கிறார்கள், என்னவென்று பதிவது?

மாடு, என்று பதிகிறேன்.